இராமநாதபுரம் கடலோர வீடுகளில் கொடி ரோஜா வளர்த்தல்: தண்ணீர் முதல் கவாத்து வரை முழுமையான வழிகாட்டி

இந்தக் கடற்கரையில் கொடி ரோஜா பட்டுப்போனால் பெரும்பாலோர் வெயிலைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். வேரில் ஈரம் இருந்தால் வெயிலை ரோஜா ஓரளவு தாங்கிக்கொள்ளும். நிலத்தடியிலிருந்து வேருக்கு ஏறிவரும் உப்பையும், கடற்காற்று கொண்டுவந்து இலையில் படியவைக்கும் உப்பையும்தான் அதனால் தாங்க முடிவதில்லை. ஆகவே தொண்டியிலோ கீழக்கரையிலோ மண்டபத்திலோ கொடி ரோஜா வளர்க்க விரும்புகிறவர், உள்மாவட்டங்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இரண்டாம் கோடையைத் தாண்டுவது கடினம்.

புதிதாகத் தொடங்குவோர் முதலில் செடியை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடி, அவசரமாகக் குழி வெட்டி நட்டுவிடுகிறார்கள். இங்கே வேலை நடக்க வேண்டிய வரிசை வேறு. சித்திரையில் தண்ணீரைச் சோதித்து, ஆடி மாதத்தில் இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஆவணி, புரட்டாசியில் குழி வெட்டி மேட்டுப் பாத்தி அமைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பாத்தியின் உப்பைக் கழுவி இறக்க வேண்டும். மார்கழி முடிவிலோ தை மாதத்திலோ செடியை நட வேண்டும். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டினால், பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் அதை ஈடு செய்ய முடியாது.

1. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

வீட்டுக் கிணற்று நீர் குடிக்கும்போது லேசாகச் சப்பென்று மட்டுமே இருக்கிறது என்பதால் அது செடிக்கும் ஆகும் என்று எண்ண வேண்டாம். நாக்குக்குத் தெரியாத அளவு உப்பே ரோஜாவுக்கு அதிகம். நீரில் கரைந்துள்ள உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் (பிபிஎம்) என்று காட்டும், குறைந்த விலையில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கொண்டு அளந்து பாருங்கள். 500க்குக் கீழே இருந்தால் கவலையின்றி ஊற்றலாம், 500 முதல் 1000 வரை இருந்தால் மழைநீரோ காவிரிக் கூட்டுக் குடிநீரோ கலந்து ஊற்றலாம், 1000ஐத் தாண்டிய நீரை ரோஜாவுக்கு ஊற்றாமல் இருப்பதே நல்லது. கோடையில் கிணறு வற்ற வற்ற உப்பு ஏறும் என்பதால், மழைக்காலத்தில் ஒருமுறை அளந்துவிட்டு அதையே ஆண்டு முழுவதும் நம்பக் கூடாது. சித்திரையில் அளந்த அளவே கணக்கில் கொள்ள வேண்டியது.

கிணற்று நீர் தேறவில்லை என்றால் மழைநீர்த் தொட்டிதான் வழி. 20 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1000 லிட்டர் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் இந்த அளவு மழை ஓரிரு நாளிலேயே பெய்துவிடுவதுண்டு. ஒரு கொடிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் 10 லிட்டர் என்று கணக்கிட்டால், 1000 லிட்டர் தொட்டி ஆறு மாதத்துக்கு மேல் வரும். அதாவது தை மாதத்தில் நிறைந்திருக்கும் ஒரு தொட்டி, ஒரு கொடியைக் கோடை முழுவதும் காப்பாற்றிவிடும். தொட்டியில் வெளிச்சம் புகாமல் மூடி வையுங்கள். இல்லையெனில் பாசியும் கொசுவும் பெருகும்.

அரிசி கழுவிய நீரையும், அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யின் குழாயிலிருந்து சொட்டும் நீரையும் தாராளமாக ஊற்றலாம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று அதைச் செடிக்குத் திருப்பிவிடும் வீடுகள் பல. ஆனால் குடிக்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. மீன், கருவாடு கழுவிய நீரும் அப்படியே.

2. காற்றின் திசையைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். அது காலை வெயிலாக இருப்பது நல்லது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வீட்டின் நிழலோ மரத்தின் நிழலோ விழுந்தால் பூவின் நிறம் வெளுக்காது. இந்த விதியைப் பெரும்பாலோர் அறிவார்கள். இங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டியது கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும், எந்தக் காற்று எப்போது வீசும் என்பதையும்தான்.

தொண்டி, தேவிபட்டினம் போன்ற வடகடல் ஊர்களில் கடல் கிழக்கே இருப்பதால், வாடைக் காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் உப்புச் சாரல் கிழக்குச் சுவரில் படியும். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் போன்ற தென்கடல் ஊர்களில் வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றே பெரிய எதிரி. அது உப்போடு வெப்பத்தையும் மணலையும் சேர்த்தே கொண்டுவரும். மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் ஆகிய இடங்களில் இரண்டுமே உண்டு. ஆகவே உங்கள் ஊரில் கடலை நோக்காத பக்கத்தில், வீட்டுச் சுவரின் மறைவில் இடம் தேடுங்கள். காலை வெயிலும் காற்று மறைவும் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டால், நான் காற்று மறைவுக்கே முதலிடம் கொடுப்பேன். வெயில் சற்றுக் குறைந்தால் பூ குறையும். உப்புக் காற்று அடித்தால் தளிரே மிஞ்சாது.

மறைப்பு கட்ட வேண்டியிருந்தால் கெட்டியான தகரத்தையோ உயர்ந்த மதிலையோ நம்ப வேண்டாம். காற்று அதன் மேலேறி மறுபுறம் சுழன்று இறங்கி, கொடியை இன்னும் மோசமாக அடிக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் தென்னங்கிடுகு, பனை மட்டை வேலி, பச்சை நிழல்வலை ஆகியவையே பொருத்தமானவை. நிலையான ஏற்பாடு வேண்டுமென்றால், 10 அடி தள்ளிப் பூவரசங்கம்புகளை வரிசையாக ஊன்றிவிடுங்கள். அதற்கும் நெருக்கமாக ஊன்றினால் அவற்றின் வேர் உங்கள் பாத்திக்குள் வந்துவிடும்.

சுண்ணாம்புச் சாந்தாலும் பவளக் கல்லாலும் கட்டிய பழைய சுவரை ஒட்டி நட வேண்டாம். ஒவ்வொரு மழையிலும் அதிலிருந்து கரைந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். காரமான மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. அத்தகைய சுவர்தான் இருக்கிறது என்றால் 3 அடி தள்ளி நட்டு, கொடியைச் சுவரை நோக்கிச் சாய்த்துக் கொண்டுபோகலாம்.

3. மழைக்கு முன்னரே குழியும் மேட்டுப் பாத்தியும்

குழி வெட்டுவதற்கு முன் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, அதில் சிறிது வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சிப்பித் தூளும் சுண்ணாம்பும் நிறைய இருப்பதாகப் பொருள். அந்த மண்ணை மீண்டும் குழிக்குள் போடாமல் முழுவதையும் மாற்றிவிட வேண்டும். விரிவாக அறிய விரும்புவோர் மண்ணையும் நீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி இருக்கும்படி குழி வெட்டுங்கள். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு உடைந்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டுகளைப் பரப்புங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல நுண்ணிய மண்ணின் வழியே உப்பு நீர் கீழிருந்து மேலேறும். இடையில் பெரிய இடைவெளிகள் கொண்ட அடுக்கு இருந்தால் அந்த ஏற்றம் அங்கேயே அறுபடும். பவளக் கல் துண்டுகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அதன் மேல் சிவகங்கைப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கண்மாய் வண்டல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மணல் மட்டும் இருந்தால் ஊற்றிய நீர் அரை மணி நேரத்தில் வேரைத் தாண்டிப் போய்விடும். வண்டல் உள்ளூர்க் கண்மாயிலிருந்து வர வேண்டுமே தவிர, உப்பளத்தை ஒட்டிய ஓடைகளிலிருந்து வரக் கூடாது. கழுவாத தென்னை நார்க் கழிவையும் கலக்க வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. கலவையைத் தரைமட்டத்தோடு நிறுத்தாமல் இன்னும் ஓர் அடி உயர்த்தி, சுற்றிலும் செங்கல்லோ பனந்துண்டோ வைத்து மேட்டுப் பாத்தியாக்குங்கள். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி வரும் ஊர்களில் இந்த ஓர் அடி உயரமே வேரை அழுகாமல் காக்கும்.

தொழு உரத்தை இப்போது போடாதீர்கள். மழை உப்பைக் கழுவும்போது உரத்தின் சத்தையும் சேர்த்தே கழுவிக் கொண்டுபோய்விடும். மழை ஓய்ந்ததும் நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கும், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் மேல் ஓர் அடி மண்ணில் கொத்திக் கலந்து, மூன்று வாரம் ஆறவிட்ட பிறகே நட வேண்டும்.

4. செடிக்கு முன் பந்தல்

வளர்ந்த கொடியின் தண்டு 10 முதல் 15 அடி வரை நீளும். பூவோடும் மழை ஈரத்தோடும் அதன் பாரம் அதிகம். நட்ட பிறகு தூண் ஊன்றினால் இளம் வேர் அறுபடும் என்பதால் தாங்கியை முதலில் அமைத்துவிடுங்கள். சாதாரண இரும்புக் கம்பி உப்புக் காற்றில் விரைவில் துருவேறி அறுந்துவிடும். கல்தூணோ வைரம் பாய்ந்த பனஞ்சட்டமோ ஊன்றி, அவற்றுக்கிடையே துருவேறா எஃகுக் கம்பியையோ பிளாஸ்டிக் பூசிய கம்பியையோ ஒன்றரை அடிக்கு ஒன்றாக நான்கு வரிசை இழுத்துக் கட்டுங்கள். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஓர் அடி விட வேண்டும். நண்பகலில் சுவர் கக்கும் வெப்பம் தண்டைச் சுடாது, காற்றோட்டமும் இருக்கும்.

பழைய மீன் வலையை விரித்துக் கட்டிக் கொடியை ஏற்றுவதை இப்பகுதியில் அடிக்கடி காணலாம். முதல் ஆண்டில் அது வசதியாகத் தோன்றும். பிறகு தண்டுகள் வலைக் கண்களுக்குள் புகுந்து பருத்துவிட்டால், கவாத்தின்போது எந்தத் தண்டையும் முழுதாக வெளியே எடுக்க முடியாது. நைலான் நரம்பால் தண்டைக் கட்டுவதும் அதே வகைப் பிழைதான். தண்டு பருக்கும்போது நரம்பு பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். கிழிந்த பருத்தி வேட்டியின் கரையோ பழைய சேலைத் துண்டோ போதும். முதலில் கம்பியைச் சுற்றி ஒரு முறுக்குப் போட்டு, பிறகு தண்டைத் தளர்வாக வளைத்துக் கட்டினால், தண்டு கம்பியில் உராயாது.

5. எந்த ரகம், எப்படிப்பட்ட செடி

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் கொடி வகைகள் பல, குளிர்காலம் வந்துபோனால்தான் மொட்டு வைக்கும். நம் கடற்கரையில் அவை இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். திரும்பத் திரும்பப் பூக்கும் வகைகளையே கேட்டு வாங்குங்கள். மஞ்சளில் மரேஷல் நீல், கோல்டன் ஷவர்ஸ், வெள்ளையில் லமார்க், டெல்லி ஒயிட் பேர்ல், சிறிய இளஞ்சிவப்புப் பூவுக்குக் கிளைம்பிங் சிசில் புருன்னர் ஆகியவற்றை முயன்று பார்க்கலாம். வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரோஜாக்களை உருவாக்குவதற்காகக் கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பாளர் வீரு வீரராகவன், மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியா, இந்தியாவின் ரோசா கிளினோஃபில்லா ஆகிய காட்டு ரோஜாக்களைக் கொண்டு ரகங்களை உண்டாக்கியிருக்கிறார். அந்த வழி வந்த செடி கிடைத்தால் விடாதீர்கள்.

ரகத்தின் பெயரைக் காட்டிலும் எந்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கு வேராக அமையும் அடிச்செடியில்) ஒட்டுக் கட்டியது என்பதே இங்கே முக்கியம். ரோசா மல்டிஃபுளோரா வேர்ச்செடி புளிப்பு (அமில) மண்ணுக்கு ஏற்றது. காரமான மண்ணில் இலை வெளிறிப்போகும். ரோசா இண்டிகா ஒடொரேட்டா வேர்ச்செடி காரத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும். நாற்றங்கால்காரரிடம் இதைக் கேளுங்கள்; பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

தொலைவிலிருந்து வரும் செடிகளின் வேரைச் சுற்றிக் களிமண்ணை உருண்டையாகப் பிடித்திருப்பார்கள். அந்த உருண்டையை அப்படியே மணல் கலந்த பாத்தியில் வைத்தால், ஊற்றும் நீர் எல்லாம் மணல் வழியே ஓடிவிடும், உருண்டை காய்ந்து கல்லாகும். நாள்தோறும் தண்ணீர் விட்டும் செடி வாடுகிறது என்று புதியவர்கள் சொல்வதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். நடுவதற்கு முன் உருண்டையை நல்ல நீரில் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண் தானாகக் கரைந்து வேர் நுனிகள் தெரியும் வரை காத்திருங்கள். கையால் உடைக்க வேண்டாம், வேர் அறும்.

6. நடுதல்

வாங்கி வந்த செடியைப் பத்து நாள் நிழலில், காற்று மறைவில் வைத்துப் பழக்குங்கள். பிறகு ஒரு மாலை நேரத்தில் நடுங்கள். தை மாதத்தில் மண் கழுவப்பட்டிருக்கும், வெயில் தணிந்திருக்கும், சித்திரை வருவதற்குள் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். புதைந்தால் அழுகும், அடிச்செடியின் துளிர் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாமல் போகும். செடியைத் தாங்கியை நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். இரண்டு கொடிகளுக்கு இடையே 8 அடி இடைவெளி தேவை.

7. தண்ணீர் விடும் முறை

தினமும் கொஞ்சம் தெளிப்பது இங்கே மிகவும் தீங்கானது. மேல் மண் மட்டும் நனைந்து, நீர் ஆவியாகி, உப்பு வேரைச் சுற்றியே தங்கிவிடும். முதல் மாதம் வேர் பிடிக்கும் வரை மண்ணை ஈரமாக வைத்துக்கொண்டு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் 10 லிட்டரை ஒரே தடவையில், மெதுவாக, பாத்தி முழுவதும் இறங்கும்படி ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு மடங்கு ஊற்றினால் சேர்ந்த உப்பு வேருக்குக் கீழே இறங்கும்.

கோடையில் எப்போதாவது பெய்யும் சிறு தூறலுக்கு மகிழ்ந்து தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். மண்ணின் மேற்பரப்பில் படிந்திருந்த உப்பைக் கரைத்து வேர் இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுவர அந்தத் தூறல் போதும், அதற்குக் கீழே தள்ள அது போதாது. தூறல் விட்டதும் முழு அளவு நீரை ஊற்றிவிட வேண்டும். இதைச் செய்யாததால் நல்ல கொடிகள் ஒரே வாரத்தில் இலை கருகி நின்றதைக் கண்டிருக்கிறேன்.

பாத்தியின் மேல் வைக்கோலையோ துண்டு செய்த பனை ஓலையையோ மூடாக்காகப் போடுங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை விட்டுவிடுங்கள். கரையில் ஒதுங்கும் கடற்பாசியை நேராகப் போடக் கூடாது. காற்று கடுமையாக அடித்த நாட்களின் மறுநாள் காலையில் இலைகளை நல்ல நீரால் கழுவிவிடுங்கள். அதே வேலை செஞ்சிலந்தியையும் குறைக்கும்.

8. தண்டைக் கிடையாகச் சாய்த்தல்

கொடி ரோஜா வளர்ப்பில் மிகுந்த பொறுமை வேண்டிய வேலை இதுதான். தண்டை நேராக மேலே ஏற்றினால் நுனியில் மட்டும் பூத்து, கீழே வெறும் முள்ளாக நிற்கும். நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் ஊக்கி கீழே இறங்கி, பக்க மொட்டுகளை உறங்கவைக்கிறது. தண்டைத் தரைக்கு இணையாகச் சாய்க்கும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, கணுவுக்குக் கணு பக்கக் கிளை எழும்பும். அவற்றில்தான் பூ வரும்.

முதல் ஆண்டில் எதையும் வெட்டாதீர்கள். முதல் மூன்று மாதம் வரும் மொட்டுகளை மட்டும் கிள்ளிவிட்டால் அந்தச் சத்து வேருக்கும் தண்டுக்கும் போகும். அடியிலிருந்து எழும் புதுத் தண்டு 4 அடி ஆனதும், அது இன்னும் செம்மை கலந்த பச்சையாக வளையும் பருவத்திலேயே சாய்க்கத் தொடங்குங்கள். முற்றிப்போன தண்டை வளைத்தால் அடியில் பிளக்கும். காலையில் நீர் நிரம்பி விறைத்திருக்கும் தண்டு எளிதில் ஒடியும். மாலையில், தண்ணீர் விடுவதற்கு முன்பு, அது சற்றுத் தளர்ந்திருக்கும். ஒரே நாளில் முழுவதும் சாய்க்காமல், வாரத்துக்குக் கொஞ்சமாக இறக்கிக் கட்டி, மூன்று நான்கு வாரத்தில் கம்பிக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். இடப்புறம் இரண்டு, வலப்புறம் இரண்டு, நடுவில் சாய்வாக ஒன்று என விசிறிபோல் ஐந்து தண்டுகள் ஒரு கொடிக்குப் போதும்.

9. உரமும் நோயும்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சட்டி தொழு உரம், பூக்கும் காலத்தில் ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலை நீர்த்து ஊற்றுதல், இவை போதும். சாம்பல் சத்து வேண்டுமென்றால் மியூரேட் ஆஃப் பொட்டாஷை விட்டுவிட்டு சல்பேட் ஆஃப் பொட்டாஷை வாங்குங்கள். முன்னதில் உள்ள குளோரைடு, ஏற்கெனவே மிகுந்திருக்கும் உப்போடு சேரும். உப்புப் போடாத புது மீன் கழிவில் சம எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்துச் செய்யும் மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளிக்கலாம். பச்சை மீன் கழிவை வேரருகே புதைக்கக் கூடாது.

இலையைப் பார்த்தே காரணத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். முதிர்ந்த இலைகளின் ஓரமும் நுனியும் பழுப்பாகக் கருகினால் வேரில் உப்பு. கடலை நோக்கிய பக்கம் மட்டும் கருகினால் காற்று உப்பு. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறைவு; லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பும் சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் தெளியுங்கள். மண் ஈரமாக இருந்தும் கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டினால் நீர் தேங்குகிறது. மழைக்காலக் கரும்புள்ளி இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். கோடையில் வரும் இலைப்பேனுக்கும் செஞ்சிலந்திக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள்.

10. கவாத்து

ஐப்பசியில் வெட்டும் வழக்கம் இங்கே வேண்டாம். வெட்டிய வாய் மழையில் நனைந்து நுனிக்கருகல் இறங்கும். மழை ஓய்ந்து, மார்கழி முடிவில் வெட்டினால் ஏறத்தாழ ஆறு ஏழு வாரத்தில், மாசியில், பூ வரும்.

முதன்மைத் தண்டுகளை வெட்டாமல், அவற்றிலிருந்து எழுந்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு, வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டு வாயில் காப்பர் ஆக்சிகுளோரைடுப் பசையைத் தடவுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து, ஆண்டுக்கு ஒன்றாக, மிகப் பழைய தண்டை அடியோடு நீக்கிப் புதுத் தண்டுக்கு இடம் விடலாம். ஆனால் அதற்கு மாற்றாக அடியில் ஒரு புதுத் தண்டு எழுந்திருந்தால் மட்டுமே.

அந்தப் புதுத் தண்டு ஒட்டு முடிச்சுக்கு மேலே எழுந்ததா, கீழே எழுந்ததா என்பதை மண்ணை விலக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் அடிச்செடி என்று சொல்வார்கள். பல நல்ல கொடி ரகங்களுக்கும் ஏழு சிற்றிலை உண்டு என்பதால் அதை நம்ப முடியாது. முடிச்சுக்குக் கீழிருந்து வந்ததைக் கத்தரியால் வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும். அது தொடங்கும் இடம் வரை மண்ணைத் தோண்டி, கையால் இழுத்துப் பிய்த்தெடுத்துவிட்டு மண்ணை மூடுங்கள்.